ஆரஞ்சு பிளஸ் ஒட்டிய வீடுகள்

வாரத்துக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ எனக்குப் போன் செய்கிறார்கள். "சார், வி.எஃப்.எக்ஸ்ல இனிமே வேலை இருக்குமா? எல்லாத்தையும் ஏ.ஐ. பண்ணிருமாமே?" என்று கேட்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்களே, அந்தக் குரல்.

நான் ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது நான் வைத்துக்கொண்ட பெயர். கம்பெனி அனுப்பிய மெயிலில் வேறு சொல் இருந்தது. இப்போது வடகவுஞ்சிப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாழ்க்கையை ரசித்துக்கொண்டிருக்கிறேன். இதுவும் நான் வைத்துக்கொண்ட பெயர்தான். பந்தியில் இடம் கிடைக்காமல் மண்டபத்தை விட்டு வெளியே வருகிறவனைப் பிடித்து "சாப்பாடு எப்படி?" என்று கேட்பது மாதிரி இந்தப் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். ஆனாலும் அறிவுரை சொல்ல யாருக்குக் கசக்கும்?

வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹீரோ மலையுச்சியில் வாளோடு நிற்கிறார் என்று வையுங்கள். உண்மையில் அவர் நிற்பது ஒரு பச்சைத் துணிக்கு முன்னால். அவருடைய ஒவ்வொரு முடியையும் சுற்றி, ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு, அவரைத் துணியிலிருந்து பிரித்தெடுப்பவர் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட். அவர் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றை அழிப்பவர் பெயின்ட் ஆர்ட்டிஸ்ட். ஊர் உலகத்தில் பெயின்ட் என்றால் பூசுவது, எங்களிடம் அழிப்பது. கேமரா எங்கே நின்றது, எப்படி நகர்ந்தது என்று கண்டுபிடிப்பவர் மேட்ச்மூவ் ஆள். இல்லாத மலையைச் செய்ய ஒருவர், அந்த மலைக்கு வெயில் அடிக்க ஒருவர். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, ஒட்டவே இல்லை என்று நம்பவைப்பவர் காம்பாசிட்டர். இவர்கள் ஒவ்வொருவர் நாற்காலிக்குப் பின்னாலும் வந்து நின்று "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்பதற்கென்றே ஒருவர் உண்டு, அவர் கோஆர்டினேட்டர். படம் வந்ததும் "கிராபிக்ஸ்தான் கொஞ்சம் சுமார்" என்று சொல்லும் வேலையை மீதி நாடு எடுத்துக்கொள்ளும்.

நான் அய்யம்பாளையத்துக்காரன். தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அப்பாவை ஏமாற்றிவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மல்டிமீடியா படித்தேன். சென்னைக்குப் போய் ரோட்டோ செய்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "ஹீரோ தலையில முடியச் சுத்திக் கோடு போடுறேன்" என்றேன். பெண்ணின் தாய்மாமா என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். பிறகு பெயின்ட்டுக்கு மாறினேன். கயிறு, மைக், கேமராமேனின் நிழல், சங்ககால அரண்மனையில் செங்கல்லுக்குப் பின்னால் தெரிந்த செல்போன் டவர் என்று பல வருடம் அழித்தேன். படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். அழிக்கத் தெரிந்தவனை வெளியே அனுப்பினால் அழிக்கவேண்டியது குறையும் என்று யாரோ கணக்குப் போட்டு, என்னை சபாபதி சாரோடு ஷூட்டிங்குக்கு அனுப்பினார்கள்.

சபாபதி சார் எங்கள் வி.எஃப்.எக்ஸ் சூப்பர்வைசர். ஷூட்டிங் இடத்தில் டைரக்டரின் பக்கத்திலேயே நின்று, எதை எடுக்கலாம், எதைப் பிறகு கம்ப்யூட்டரில் செய்யலாம் என்று சொல்வது அவர் வேலை. கத்த மாட்டார். சிரிக்கவும் மாட்டார். டைரக்டர் என்ன கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே "பண்ணிடலாம்" என்பார். "மழை வேணும் சபா." "பண்ணிடலாம்." "யானை கொஞ்சம் ஒல்லியா இருக்கு." "பண்ணிடலாம்." அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்து, "பண்ணிடலாம்ல?" என்பார். டைரக்டரிடம் முற்றுப்புள்ளியோடு போன அதே சொல் எங்களிடம் கேள்விக்குறியோடு வரும். அந்தக் கேள்விக்குறியில் தொங்கித்தான் நாங்கள் தீபாவளி, பொங்கலையெல்லாம் ஆபீஸில் கழித்தோம்.

அவருக்குக் கீழே என் வேலை அளவெடுப்பது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் என்ன லென்ஸ், கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு, நடிகர் எவ்வளவு தூரம் என்று குறிக்கவேண்டும். நடிகர்கள் விலகியதும் காலி இடத்தை ஒருமுறை தனியாக எடுக்கச் சொல்லிக் கெஞ்சவேண்டும். கடைசியாக, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பதிவு செய்ய, ஒரு கண்ணாடி உருண்டையையும் ஒரு சாம்பல்நிற உருண்டையையும் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். யூனிட்டே காப்பிக்குப் போகிற நேரம் அது. உதவி இயக்குநர்கள் "பூசணிக்கா வந்தாச்சு, திருஷ்டி கழிச்சாச்சு, எல்லாரும் கெளம்புங்க" என்று கத்துவார்கள். நானும் மூன்று முறை சுற்றிக் காட்டிவிட்டுத்தான் இறக்குவேன்.

எல்லாவற்றுக்கும் மேல் மார்க்கர். ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பு அட்டை, அதன்மேல் ஆரஞ்சு டேப்பில் ஒரு பிளஸ். இதை ஷாட்டில் தெரிகிற இடமெல்லாம் ஒட்டி, மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும் சர்வே கருவியால் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அளந்துவைப்போம். அசையாத இந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அதன்பிறகு நாங்கள் வைக்கும் கோட்டை மலைமேல் உறுதியாக உட்காரும். அளந்த பிறகு மார்க்கர் நகர்ந்தால் கோட்டை பரிசல் மாதிரி ஆடும். இதை மட்டும் நினைவில் வையுங்கள். நம் கதைக்கு வேறு தொழில்நுட்பம் தேவையில்லை.

அது ஒரு ராஜா படம். கொடைக்கானலைத் தாண்டி, போளூர் போகிற வழியில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அடுத்த முறை அங்கே எனக்கு டீ கிடைக்காது. கீழே பூண்டு வயல், மேலே படிப்படியாக ஓட்டுக்கூரையும் தகரமும் போட்ட வீடுகள், அதற்கும் மேலே பாறை. கீழே வயலோரம் ஹீரோ குதிரையில் வந்து நிற்பார்; கேமரா அவர் தலைக்கு மேல் எழும்பும்; எதிர்ச்சரிவில் அவர் இழந்த கோட்டை தெரியும். கோட்டை நாங்கள் செய்வது. வீடுகள் எல்லாவற்றையும் படத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது. சபாபதி சார் அந்த முறை மார்க்கர் பொறுப்பு முழுவதையும் என்னிடம் விட்டிருந்தார். "இது ஒழுங்கா வந்தா அடுத்த படத்துக்கு நீ தனியா போலாம்" என்றார். அவரிடமிருந்து அது ஒரு பேருரை. வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. 

முந்தின நாள் மதியம் ஊர் முழுக்க அட்டை ஒட்டினேன். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒன்று. மூன்று கால் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அளந்தேன். டீக்கடை மொக்கைச்சாமி அண்ணன் கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சோலி சார் நடக்கு?"

"அளவு எடுக்கிறோம்ணே."

"எதுக்குங்க?"

"மேல கோட்டை ஒண்ணு வருது."

"அப்ப இந்த வீடுக?"

நான் ஒற்றைக் கண்ணை எடுக்காமலே, "அது இருக்காதுண்ணே" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. மொக்கைச்சாமி அண்ணன் கடைக்குப் போய் எனக்கொரு டீ போட்டு அனுப்பினார். டீயில் சர்க்கரை இல்லை. மலை ஊர்க்காரர்கள் இனிப்புக் குறைவாகக் குடிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, கொடைக்கானல் லாட்ஜுக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

காலையில் வெள்ளனே வந்தோம். டவுனில் அதை மிஸ்ட் என்பார்கள். அந்த ஊரில் மேகம் எறங்கிருச்சு என்பார்கள். எதுவும் தெரியவில்லை. வெயில் ஏறி மேகம் விலகுகிற கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. அதற்குள் எடுக்கவேண்டும், ஹீரோவுக்கு அன்று ஒரு நாள்தான் தேதி. குதிரை தயார், ஹீரோ தயார். மேகம் மெல்ல விலகியது. மானிட்டரில் எதிர்ச்சரிவு தெரிந்தது.

ஒரு வீட்டிலும் பிளஸ் இல்லை.

முதலில் லென்ஸைத் துடைக்கச் சொன்னேன். அடுத்து, இது வேறு ஊரோ என்று பார்த்தேன். பிறகு ஜெனரேட்டர் வேனுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிய எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். அளவெடுப்பவன் என்பதால் துல்லியமாகவே பார்த்தேன். மேகம் இன்னும் கொஞ்சம் விலகியது. சரிவின் வலது ஓரத்தில், மற்ற வீடுகளிலிருந்து தள்ளி இருந்த ஒரு சின்ன ஓட்டு வீட்டில், ஊருக்கே ஒட்டிய பிளஸ் மொத்தமும் இருந்தது. சுவர், கதவு, தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூண்டு என்று ஒன்று பாக்கி இல்லாமல், கிறிஸ்துமஸுக்கு ஜோடித்த மாதிரி.

சபாபதி சார் கண்ணை மூடினார். "மார்க்கர் எங்கப்பா?"

"பண்ணிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

மேட்டில் ஊரே கூடி நின்றது. யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை.

"அண்ணே, யாருண்ணே அட்டையெல்லாம் பிடுங்குனது?"

"கொரங்கா இருக்கும் சார்" என்றார் மொக்கைச்சாமி அண்ணன்.

"கொரங்கு பிடுங்கும். இப்பிடி வரிசையா ஒட்டுமாண்ணே?"

"இங்கிட்டுப் பூராம் கான்வென்ட்டுப் பள்ளிக்கூடமாக் கெடக்கு. படிச்ச கொரங்கா இருக்கும்."

விஷயம் இதுதான். சினிமா என்று நான் சொல்லவில்லை; அளக்க வந்தவன் அரசாங்க ஆள், அட்டை ஒட்டிய வீட்டை இடிப்பார்கள் என்று ஊருக்குப் புரிந்திருந்தது. அரசாங்க அட்டையைக் கிழித்தால் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் இருந்தது. ஆகவே கிழிக்காமல், மரியாதையாகப் பேர்த்து, பக்கத்து வீட்டில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே மரியாதையோடு இரண்டையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இப்படி நகர்ந்து நகர்ந்து, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த கடைசி வீட்டில் வந்து எல்லாம் நின்றிருக்கிறது. அதற்கு அப்பால் பள்ளம்.

அந்த வீடு ராசம்மா அக்காவுடையது. மகளைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தவர், நான் மூச்சு வாங்க நிற்கும்போதுதான் காலை பஸ்ஸில் இறங்கி வந்தார். கையில் ஒரு பை. வீட்டைப் பார்த்தார். பையைக் கீழே வைக்காமல் சுவர் சுவராகப் போய் எல்லா பிளஸ்ஸையும் பார்த்தார். கோழிக்கூண்டைக்கூட விடவில்லை. பிறகு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"யாரு ஒட்டுனது?"

ஊர் மொத்தமும் என்னைக் காட்டியது. வேறு எந்த விஷயத்திலும் அந்த ஊரில் அப்படி ஒற்றுமை நான் பார்த்ததில்லை.

"தம்பி, நான் சின்னப் புள்ளையா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருக்கையில எங்க லயத்து வீட்டுக் கதவுல இப்பிடித்தான் வந்து நம்பர் எழுதுனாங்க. அப்புறம் கப்பல் ஏத்துனாங்க. இந்தியாதான் ஒங்க நாடுன்னாங்க. சரின்னு வந்து, இங்கன பாறைய ஒடச்சு இந்த வீட்டக் கட்டுனோம். இப்ப பிளஸ் போட்டிருக்கீங்க. எங்க ஏத்தப் போறீங்க?"

நான் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். அன்று இருந்த பதில், "அக்கா, இது சினிமாக்கா." அதையும் பதற்றத்தில் மூன்று முறை சொன்னேன். கீழே ஹீரோவைக் காட்டினேன். குதிரையைக் காட்டினேன். சரியாக அந்த நேரத்தில் குதிரை தும்மியது. அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு பெண் ஹீரோவின் பெயரைச் சொல்லி வீறிட்டார். அவ்வளவுதான். இத்தனை நேரம் எதுவும் தெரியாத ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"எம் வீட்டு அட்டை எங்க? அந்தா, கோழிக்கூண்டுல இருக்கது என்னோடதுதான்!"

"ஏலே, அது எங்க வீட்டுது. ஒன்னோடது தண்ணித் தொட்டில கெடக்கு பாரு."

"சார், எங்க வீட்டுல ரெண்டா ஒட்டுங்க சார். வீடு படத்துல நல்லா விழணும்ல?"

பிளஸ் ஒட்டிய வீடெல்லாம் படத்தில் வரும் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். நேர்மையானவன் அந்த இடத்தில் திருத்தியிருப்பான். எனக்கு மேகம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. "வெரசா ஒட்டுங்க, பழைய எடத்துலயே ஒட்டுங்க" என்று மட்டும் கத்தினேன். பசை சுண்ணாம்பைப் பேர்த்த இடம் ஒவ்வொரு சுவரிலும் தனியாகத் தெரிந்தது. அங்கேயே போய் ஒட்டினார்கள். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே ஓடினேன்.

ஊர் கலைந்ததும் ராசம்மா அக்கா படியைவிட்டு எழாமலே என்னைக் கூப்பிட்டார்.

"உண்மையச் சொல்லு. படத்துல இந்த வீடுக வருமா?"

அவரிடம் ஏனோ பொய் வரவில்லை. "இல்லக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டுக் கோட்டை வைப்போம். படத்துல மட்டும்தான். நெஜத்துல வீடு இருக்கும்கா."

"நெஜத்துல இருக்கேன்னுதான் இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். பட்டா கேட்டுப் போனா, அப்பிடி ஒரு வீடே அங்க இல்லங்கிறாங்க. நீங்க படத்துலயும் இல்லைன்னு காட்டப் போறீங்க. நல்லாருக்குப்பா." கீழே, இரண்டாவது அட்டைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார். "இவுங்ககிட்ட நான் இதச் சொல்லவா?"

எனக்கு வியர்த்தது. கொடைக்கானல் குளிரில் வியர்க்கவைக்க அக்காவால்தான் முடியும்.

"என்னக்கா செய்யணும்?"

"எம் வீட்ட மட்டும் விட்ரு."

"பண்ணிடலாம்க்கா" என்றேன். முற்றுப்புள்ளியோடு, கண்ணை மூடிக்கொண்டு. சபாபதி சார் பல வருடமாகக் கண்ணை ஏன் மூடுகிறார் என்று அந்த நொடியில் புரிந்தது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது.

அக்கா உள்ளே போனார். நான் கீழே வந்தேன். கேமரா ஓடியது. குதிரை வந்தது, ஹீரோ நிமிர்ந்தார், கேமரா எழும்பியது. அதே நேரம் வலது ஓரத்து ஓட்டு வீட்டிலிருந்து புகை எழும்பியது. அக்கா அடுப்புப் பற்றவைத்துவிட்டார். சாதாரணப் புகை இல்லை. கறுப்பாக, தடிமனாக, சரிவில் மிச்சமிருந்த மேகத்தோடு பின்னிக்கொண்டு ஏறியது.

"அந்தப் பொகைய நிறுத்தச் சொல்லுங்க!" என்றார் டைரக்டர். நிறுத்திவிட்டு வருவதற்குள் மேகம் இறங்கிவிடும். சபாபதி சார், "பண்ணிடலாம்" என்றார். என் பக்கம் திரும்பினார். "பண்ணிடலாம்ல?"

சென்னையில் அந்த ஷாட்டை என்னிடமே கொடுத்தார்கள். வீடுகளை எடுப்பது கஷ்டமாக இல்லை. மொக்கைச்சாமி அண்ணன் கடை ஒரு காலையில் போனது. ராசம்மா அக்கா வீடு, கோழிக்கூண்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் போயின. வாக்குக் கொடுத்தேனே என்று ஒரு நிமிடம் மவுஸ் நின்றது. கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டை விட்டுவைத்தால் அடுத்த நாள் நான் அய்யம்பாளையத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்ததும் மவுஸ் ஓடியது.

புகைதான் போகவில்லை. பாதி புகை, பாதி மேகம். எது எது என்று பிரிக்க முடியாது. ஒரு ஃபிரேமில் அழித்தால் அடுத்த ஃபிரேமில் வேறு உருவத்தில் வந்து நின்றது. அழித்த இடம் நன்றாகத் தேய்த்த பாத்திரம் மாதிரி தனியாகப் பளபளத்தது. வாரக்கணக்கில் போராடினேன். கனவிலும் அடுப்பு. கோஆர்டினேட்டர் வந்து வந்து "முடிஞ்சுதா?" என்றாள். கடைசியில் டைரக்டருக்குப் போட்டுக் காட்டும் நாள் வந்தது. வீடு இல்லை. புகை இருந்தது. கோட்டை மதிலின் அடியிலிருந்து கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

"அது என்ன பொகை?" என்றார் டைரக்டர்.

சபாபதி சார் கண்ணை மூடியிருந்தார்; "பண்ணிடலாம்" மட்டும் வரவில்லை. என் வாய்தான் திறந்தது.

"கோட்டைல சமையக்கட்டு சார். எதிரி வந்து உக்காந்து நிம்மதியாச் சமைச்சுச் சாப்பிடுறான். ராஜா அதக் கீழ நின்னு பாக்குறாரு."

டைரக்டர் திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். "பிரமாதம்" என்றார். "சபா, இந்த மாதிரி யோசிக்கிற ஆளுங்க வேணும்."

வெளியே வந்ததும் சபாபதி சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அந்த அம்மா வீடா?"

"ஆமா சார்."

"ம்" என்றார். அடுத்த படத்துக்கு என்னைத் தனியாக அனுப்பினார். நான் சூப்பர்வைசர் ஆனது ஒரு விறகு அடுப்பின் தயவில். பல மேடைகளில் இதை "காட்சிக்கு உயிர் கொடுக்கும் நுணுக்கம்" என்று பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

படம் வந்த பிறகு அந்த ஊர்ப் பக்கம் போக நேர்ந்தது. ஜீப்பைத் திருப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ராசம்மா அக்கா ரோட்டிலேயே நின்றிருந்தார். மகள் செல்போனில் படத்தைக் காட்டியிருக்கிறாள்.

"எங்கப்பா எம் வீடு?"

"அக்கா... பொகை இருக்குல்லக்கா. அது ஒங்க வீட்டுப் பொகைதான்."

"தெரியுமே. அடுப்பு எனக்குத் தெரியாதாக்கும்?" பையிலிருந்து நாலு பூண்டை எடுத்து என் கையில் வைத்தார். "அன்னைக்கு வேணும்னேதான் ஈர வெறகாப் பாத்து வச்சேன். காஞ்ச வெறகா இருந்தா நீ அதையும் தொடச்சிருப்ப."

தம்பிகளா, தங்கச்சிகளா, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பெனியில் என் கடைசி நாட்களில் ஒரு புதிய சாஃப்ட்வேரைக் காட்டினார்கள். புகையைக் காட்டி ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடுகிறது. மார்க்கரும் வேண்டாம், அளவும் வேண்டாம், கேமரா போன வழியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார்கள். நான் தூக்கிப் பிடித்த உருண்டைகளை வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைத்தார்கள். எனக்கும் அப்படி ஓர் இடம் கேட்டேன், மெயில்தான் வந்தது. ஆகவே, போன் செய்தவர்களிடமெல்லாம் "போச்சுப்பா, எல்லாம் முடிஞ்சுபோச்சு, காப்பி விவசாயம் பாருங்க" என்றுதான் போன வாரம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தேன். என் வீட்டுச் சுவரில் ஓர் ஆரஞ்சு பிளஸ்.

என் தொழிலே அது. கையால் வெட்டி, கையால் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டாலும் அடையாளம் தெரிகிற பொருள். ஆனால் மார்க்கர் வேலையெல்லாம் செத்துப்போய்விட்டது என்று உலகத்துக்கே சொன்னவன் நான்தானே? அப்படியானால் இது என்ன? ரோடு போடுகிறவர்கள். அல்லது காட்டிலாகா. வாடகை வீடு, இடிந்தால் ஓனருக்குத்தான் நஷ்டம் என்பதுகூட எனக்கு உதிக்கவில்லை. வாயில் பேஸ்ட் நுரையோடு அங்கும் இங்கும் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தங்கராசு அண்ணன் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தார். அட்டையைக் கிழிக்காமல், மரியாதையாகப் பேர்த்து, அவர் சுவரில் ஒட்டிவிட்டு வந்து வாய் கொப்பளித்தேன்.

வெயில் ஏறியதும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள். கையில் மூன்று கால் ஸ்டாண்ட்.

"அங்கிள், இந்தச் செவுத்துல ஒரு மார்க்கர் ஒட்டியிருந்தேன். நேத்து ஈவினிங் சர்வேகூட எடுத்துட்டேன். இப்ப பக்கத்து வீட்டுல இருக்கு. யார் நகத்துனதுன்னு தெரியுமா?"

"கொரங்கா இருக்கும்மா" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். ஜெனரேட்டர் வேனைத் தேடுகிற முகம். எனக்குப் பழக்கமான முகம்.

"ஏம்மா, இப்பல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்குமாமே? மார்க்கர் எதுக்கு?"

"அது டெமோல பாத்துக்கும் அங்கிள். இங்க மிஸ்ட் வந்தா மலையையும் மேகத்தையும் அதால பிரிக்க முடியல. மலையே மெதக்குது. அதான் எங்க சார் பழைய மாதிரி பண்ணச் சொல்லிட்டாரு."

ஆகவே வேலை இருக்கிறது, பிள்ளைகளா. மேகம் இறங்குகிறவரை இருக்கிறது. போன வாரம்வரை நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

"என்ன ஷாட்டும்மா?"

"வேற்றுக்கிரகம் அங்கிள். ஒரு விண்கலம் இங்க வந்து எறங்குது."

"இந்த வீடு படத்துல வருமா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். கண்ணை மூடித் திறந்தாள். "இல்ல அங்கிள். க்ளீன் பண்ணிடுவோம். படத்துல மட்டும்தான்."

"பொகை கிகை இருந்தா?"

"அது இப்ப ஈசி அங்கிள்."

"மேகத்தோட கலந்துட்டா?"

அவள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மார்க்கரைத் திரும்ப ஒட்ட ஓடினாள்.

என் வீட்டில் கேஸ் அடுப்புதான். வேலியோரம் போய் நின்றேன். தங்கராசு அண்ணன் தோட்டத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் வெறகு வேணுமே. ஈரமா இருந்தா ரொம்ப நல்லது."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் அட்டையைப் பேர்த்துக்கொண்டிருந்த தன் சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இருக்கு கிராபிக்ஸ்காரரே. அந்த அட்டைய ஒட்டுன கொரங்கு வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்."